இந்த வருஷம் படித்ததில் மனசில் நின்றவை: இரண்டிரண்டாகச் சேர்த்துப் படித்தேன்

பள்ளத்தூரைச் சேர்ந்த தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஆச்சி, இந்த வருஷம் நீங்க படிச்சதுல எது ரொம்பப் பிடிச்சது? எனக்கு நம்ம ஊரைப் பத்திப் படிக்கணும்னு ஆசை. ஆனா எங்க தேடினாலும் வீட்டுப் படமும் கோழிக் குழம்பும்தான் வருது." பார்க்க இரண்டு கேள்வி மாதிரி இருந்தாலும் எனக்கு இந்த வருஷம் இரண்டுக்கும் பதில் ஒன்றுதான், அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

ஒரே ஒரு பெயர் போதுமென்றால் ப. சிங்காரம் எழுதிய ‘கடலுக்கு அப்பால்’. ஆனால் அதைத் தனியாகப் படித்திருந்தால் இவ்வளவு பிடித்திருக்குமா என்று தெரியாது. இந்த வருஷம் எந்தப் புத்தகத்தையும் ஒற்றையாக வைத்துக்கொள்ளாமல், அதே காலத்தை, அதே ஊரை, அதே தொழிலைப் பேசுகிற இன்னொன்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு மாறி மாறிப் படித்தேன். ஒன்று சொல்லாமல் விட்டதை இன்னொன்று சொல்லிவிடுகிறது. முக்கியமாக நம்ம ஊர் விஷயத்தில் இது ரொம்பவே உதவுகிறது, ஏனென்றால் செட்டிநாட்டின் கதை, அதாவது வட்டிக்கடை வைக்கக் கப்பலேறிய நகரத்தார் என்கிற நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கதை, பாதிக்கு மேல் நடந்தது பர்மாவின் ரங்கூனிலும் மலேயாவின் பினாங்கிலும் சுமத்ராவின் மேடானிலும்தான். வீட்டை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றால் கதை பிடிபடாது. கப்பலேறிப் போனவர்களோடு நாமும் போக வேண்டும்.

சிங்காரம் 1920இல் சிங்கம்புணரியில் பிறந்தவர். நான் இருக்கிற காரைக்குடிக்குப் பக்கம்தான். சின்ன வயதிலேயே மேடானுக்கு வட்டிக்கடை வேலைக்குப் போய், போர் முடிந்து 1946இல் திரும்பி வந்து, மதுரையில் தினத்தந்தியில் வேலை பார்த்தவர். வாழ்நாளில் எழுதிய நாவல் இரண்டே இரண்டு. ‘கடலுக்கு அப்பால்’ 1950இல் எழுதியது, கலைமகள் பரிசு வாங்கிய பிறகுதான் 1959இல் அச்சுக்கு வந்தது. ‘புயலிலே ஒரு தோணி’ 1972இல். இரண்டாவதைத்தான் எல்லாரும் கொண்டாடுகிறார்கள், கொண்டாட வேண்டியதுதான், ஆனால் எனக்கு முதல் நாவல் மேல்தான் பிரியம்.

கதை பினாங்கில் நடக்கிறது. செல்லையா வட்டிக்கடைப் பையன். முதலாளி வானாயீனா. முதலாளி மகள் மரகதம் அவனுக்குத்தான் என்று எல்லாரும் நினைத்திருந்த நேரத்தில் போர் வருகிறது, செல்லையா இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து துப்பாக்கி தூக்கிவிட்டு வருகிறான், வந்த பிறகு வானாயீனா பெண் கொடுக்க மறுத்துவிடுகிறார். கெட்ட மனிதர் இல்லை அவர். பட்டாளத்துக்குப் போய்வந்தவன் இனிமேல் பெட்டியடியில் உட்கார்ந்து கணக்குப் பார்க்க மாட்டான், அவனை நம்பிக் கடையையும் பெண்ணையும் கொடுக்க முடியாது என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கில் தப்பே சொல்ல முடியவில்லை என்பதுதான் படிக்கிறவர்களை வதைக்கிறது. கடைசிப் பகுதியில் செல்லையாவும் மரகதமும் பேசிக்கொள்ளும் இடம் இருக்கிறதே, அழுகையை அடக்கிக்கொண்டு இரண்டு பேரும் சாதாரணமாகப் பேசப் பார்க்கிறார்கள், ஒரு வார்த்தை கூடுதலாக இல்லை. அதைப் படித்துவிட்டு அன்றைக்கு வேறு எதையும் கையில் எடுக்க மனசு வரவில்லை.

சரி, இதற்குப் பக்கத்தில் எதை வைத்தேன்? டேவிட் ரட்னர் எழுதிய ‘காஸ்ட் அண்ட் கேப்பிடலிசம் இன் கொலோனியல் இந்தியா’. 1994இல் கலிபோர்னியா பல்கலைக்கழகப் பதிப்பகம் போட்ட ஆங்கில ஆராய்ச்சி நூல், நகரத்தார் தொழிலைப் பற்றியது. லேசான புத்தகம் இல்லை, அடிக்குறிப்பு நிறைய, நடுவில் ஓர் அத்தியாயம் எனக்கு இரண்டு தடவை படித்தும் முழுசாகப் பிடிபடவில்லை. ஆனால் அவர் சொல்கிற அடிப்படையான விஷயம் ரொம்பத் தெளிவு. கோயில் வேறு, கல்யாணம் வேறு, வட்டிக்கடை வேறு என்று நாம் பிரித்துப் பார்க்கிறோமே, அப்படிப் பிரிக்கவே முடியாது என்கிறார். இளையாத்தங்குடி, மாத்தூர், வயிரவன்பட்டி, நேமம் என்று ஒன்பது கோயில் பிரிவு, அதற்குள் யாருக்கு யார் பங்காளி, யார் வீட்டில் பெண் எடுக்கலாம் என்ற முறை, இதுதான் ஒருவனை நம்பிக் கடன் கொடுக்கலாமா என்று முடிவு செய்கிற இடமாகவும் இருந்தது. பேங்க் மேனேஜர் விசாரிப்பதை எல்லாம் இங்கே உறவுமுறையே விசாரித்துவிட்டது. ரங்கூனில் மொகல் தெருவில் இருந்த கோயிலில் மாதாமாதம் கூடி நடப்பு வட்டியை, அதாவது அந்த மாதத்துக்கான பொது வட்டி விகிதத்தை, முடிவு செய்தார்கள் என்றால், சாமி சன்னிதியில்தான் சந்தையும் நடந்தது.

இதைப் படித்த பிறகு வானாயீனா பெண் கொடுக்க மறுத்ததைப் பாருங்கள். அவர் மறுத்தது ஒரு மாப்பிள்ளையை மட்டுமா? கடையின் நாணயத்தையே பத்திரப்படுத்துகிறார். நாவலில் மனசு தெரிகிறது, ரட்னரில் அந்த மனசுக்குப் பின்னால் இருக்கிற ஏற்பாடு தெரிகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெண்கள் கொண்டுவந்த சீதனப் பணமும் கடையில் முதலாகப் போட்டு வட்டி ஏறிக்கொண்டிருந்தது. கப்பலேறிப் போன ஐயாக்களைப் பற்றித்தான் எல்லாரும் எழுதுகிறார்கள். மூன்று வருஷக் கணக்கு என்று முதலாளியின் கடையை நடத்த ஏஜெண்டாகப் போனவர் திரும்பி வருகிறவரைக்கும் இங்கே வளவையும் வயலையும் பிள்ளைகளையும் மாமியாரையும் பார்த்துக்கொண்டு, ஊர்ச் செய்முறை ஒன்றையும் விடாமல் நடத்தியவர்களைப் பற்றி எழுதினவர்கள் எத்தனை பேர்? அப்படி ஒரு நாவலை யாராவது எழுத மாட்டார்களா என்று நான் ரொம்ப நாளாக எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறேன். தம்பி, உங்கள் வீட்டில் அப்பத்தா இருந்தால் இப்போதே உட்கார்ந்து கேட்டு எழுதி வையுங்கள்.

புத்தகமாக அச்சாகாத ஒன்றையும் இந்த வருஷம் படித்தேன். எங்கள் வீட்டுப் பெட்டகத்தில் இருந்த பழைய கணக்கு ஏடு. பக்கத்துக்குப் பக்கம் மேலே ‘உ’, அதற்குக் கீழே ‘சிவமயம்’, தமிழ் வருஷம், மாதம், தேதி. எண்ணெல்லாம் தமிழ் எண்கள், அரைக்கும் காலுக்கும் மாகாணிக்கும் தனித்தனிக் குறி. எழுத்தில் புள்ளியே கிடையாது, சேர்த்துச் சேர்த்து எழுதியிருக்கிறார்கள், முதல் சில பக்கம் ஒரு வரி படிக்கவே ரொம்ப நேரம் ஆயிற்று. ஒரு பக்கத்தில் அரிசி வாங்கியது, வண்டிக் கூலி, ஊருக்கு அனுப்பியது எல்லாவற்றுக்கும் நடுவில் ‘மகமை’ (கோயிலுக்கென்று கடையில் ஒதுக்குகிற பணம்) என்று ஒரு வரி, பக்கத்தில் ஒரு சின்னத் தொகை. கோயிலுக்குக் கொடுத்தது என்று மட்டும் நினைத்துக் கடந்துபோயிருக்கலாம். ரட்னரைப் படித்திருந்ததால் அங்கே நின்றேன். இப்படிக் கடை கடையாகச் சேர்ந்த தொகை கோயிலில் சும்மா கிடக்கவில்லை, திரும்பவும் கடைக்காரர்களிடமே வட்டிக்குப் போய், அந்த வட்டியில் பூசையும் சத்திரமும் நடந்தது. ஒரு வரிக்குள் இவ்வளவு இருக்கிறது. உங்கள் வீட்டிலும் பரணில் இப்படி ஏடு கிடந்தால் தயவுசெய்து பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளில் பெட்டியோடு பெட்டியாக இந்த மாதிரி ஏடுகளைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

அடுத்த ஜோடி ‘புயலிலே ஒரு தோணி’யும் வெ. சாமிநாத சர்மாவின் ‘பர்மா வழிநடைப் பயண’மும். 1942 மார்ச் மாதம்தான் இரண்டுக்கும் பொது. மார்ச் 8இல் ரங்கூன் ஜப்பான்காரர்கள் கைக்குப் போகிறது, அதே மாதம் மேடானிலும் ஜப்பான் படை நுழைகிறது. சிங்காரத்தின் நாவல் நாயகன் பாண்டியன் மேடானில் நின்று படை வருவதைப் பார்க்கிறான். சர்மா அதற்கு முன்பே, 1941 டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழுந்த பிறகு, மனைவியோடு கிளம்பி மணிப்பூர் வழியாக இந்தியா வந்து சேர்கிறார். அவர் பத்து வருஷம் ரங்கூனில் இருந்தவர், அங்கே ‘ஜோதி’ பத்திரிகையை நடத்தியவர், உலக அரசியல் நூல்களைத் தமிழில் கொண்டுவந்தவர். அந்த மாதிரி ஒருவர் தன் கஷ்டத்தைப் பெரிதாக்காமல், வழியில் தண்ணீர் கிடைத்ததா, எங்கே படுத்தோம், கூட வந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று நிதானமாக எழுதிக்கொண்டு போகிறார். லட்சக்கணக்கான இந்தியர்கள் அப்படி நடந்தார்கள், காலராவிலும் பசியிலும் வழியிலேயே எத்தனையோ பேர் போய்ச் சேர்ந்தார்கள். நம்ம பக்கத்தில் ‘பர்மாவிலிருந்து நடந்தே வந்தாக’ என்று ஒரு வரியில் சொல்லிவிடுவார்கள் பெரியவர்கள். அந்த ஒரு வரிக்குள் என்ன இருந்தது என்று சர்மாவைப் படித்தால்தான் தெரியும்.

‘புயலிலே ஒரு தோணி’ வேறு மாதிரி. அதில் சங்கப் பாட்டு, தாயுமானவர், மலாய், சீனப் பேச்சு, வட்டிக்கடைப் பேச்சு எல்லாம் ஒரே வாக்கியத்தில் மோதிக்கொண்டு வரும். முதல் ஐம்பது பக்கம் கொஞ்சம் திணறும், விட்டுவிடாதீர்கள். பாண்டியன் நினைப்பில் சின்னமங்கலமும் அதன் சந்தையும் மதுரைத் தெருக்களும் வருகிற பக்கங்களுக்கு வந்துவிட்டால் அப்புறம் கீழே வைக்க முடியாது. சர்மா நடந்து ஊர் வந்து சேர்ந்துவிடுகிறார். பாண்டியனுக்கு ஊர் நினைப்பில் மட்டும்தான் கிடைக்கிறது. இரண்டையும் ஒரே மாதத்தில் படித்ததால் இந்த வித்தியாசம் நன்றாக உறைத்தது.

பர்மாவைப் பற்றிப் படிக்கும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. 1930 வாக்கில் கீழ்ப் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் சுமார் 6 சதவீதம். 1937இல் அது சுமார் 25 சதவீதம். நடுவில் உலகப் பொருளாதார மந்தம் வந்து நெல் விலை விழுந்தது, கடன் வாங்கிய விவசாயியால் கட்ட முடியவில்லை, ஈடு வைத்த நிலம் கைமாறியது. நம்ம ஆட்களுக்கு நிலம் வேண்டியிருக்கவில்லை, பணம்தான் வேண்டியிருந்தது, அது உண்மை. பர்மிய விவசாயி தன் நிலத்தை இழந்தான், அதுவும் உண்மை. பின்னால் அந்த நாடு நிலத்தை எடுத்துக்கொண்டபோது இங்கே எத்தனையோ வீடுகள் நொடித்துப்போனதைப் பற்றி நிறைய பேசுகிறோம், அந்த விவசாயியைப் பற்றியும் பேச வேண்டும். கானாடுகாத்தானின் பெரிய வீடுகளில் பர்மாத் தேக்குத் தூணைத் தடவிப் பார்த்துப் படம் எடுக்கிறவர்கள் இந்த இரண்டு எண்ணையும் தெரிந்து வைத்திருந்தால் நல்லது.

மூன்றாவது ஜோடி சுயசரிதைகள். கண்ணதாசனின் ‘வனவாசம்’, சின்ன அண்ணாமலையின் ‘சொன்னால் நம்பமாட்டீர்கள்’. ‘வனவாசம்’ நீங்கள் படித்திருப்பீர்கள், இல்லாவிட்டால் உடனே படியுங்கள். சிறுகூடல்பட்டியில் 1927இல் பிறந்து, சுவீகாரம் போய், வேலை தேடி அலைந்து, அரசியலுக்குள் போய் வெளியே வருகிறவரைக்கும் தன்னை ‘அவன்’ என்றே எழுதுகிறார். நான் என்று சொன்னால் வெட்கம் வந்து நிறுத்திவிடுவோம் என்ற இடங்களையெல்லாம் ‘அவன்’ தாண்டிப் போய்விடுகிறான். சின்ன அண்ணாமலை இதற்கு நேர் எதிர். தேவகோட்டைப் பக்கத்து மனிதர், 1942 ஆகஸ்டில் அவரைத் திருவாடானைச் சிறையில் அடைத்தபோது ஜனங்கள் திரண்டுபோய்ச் சிறையை உடைத்து வெளியே கொண்டுவந்தார்கள். அவ்வளவு பெரிய சம்பவத்தையும் திண்ணையில் உட்கார்ந்து சொல்கிற மாதிரி சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போகிறார். அப்புறம் அவரே சென்னையில் ‘தமிழ்ப் பண்ணை’ என்று பதிப்பகம் தொடங்கி ராஜாஜி, நாமக்கல் கவிஞர் நூல்களையெல்லாம் அழகாகப் போட்டார். ஒருவர் தன்னையே அடித்துக்கொள்கிறார், இன்னொருவர் பார்த்தவர்களையெல்லாம் தட்டிக்கொடுக்கிறார். எனக்கு வயது ஏற ஏறச் சின்ன அண்ணாமலையின் பக்கம்தான் சாய்கிறது மனசு.

இந்த இடத்தில் பதிப்பாளர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வட்டிக்கடை வைத்த கையோடு புத்தகக் கடை வைத்தவர்களும் நம்ம பக்கத்து ஆட்கள்தான். ராயவரம் சக்தி வை. கோவிந்தன் 1957இல் பாரதியார் கவிதைகளை ஒன்றரை ரூபாய்க்குக் கொடுத்தார். கையில் காசு இல்லாதவனும் பாரதியை வாங்கிப் படித்தான். அதே ராயவரத்துக்காரர்தான் குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா, அவரும் சக்தி காரியாலயத்தில் வேலை பார்த்தவர். அவருடைய ‘மலரும் உள்ள’த்தைப் பேரப்பிள்ளையோடு உட்கார்ந்து இந்த வருஷம் திரும்பப் பாடினேன். செல்போனை வைத்துவிட்டு அவனாகவே இன்னொரு பாட்டு கேட்கிறான், வேறென்ன வேண்டும்.

கோட்டையூர் என்றால் எல்லாருக்கும் வள்ளல் அழகப்பர் நினைவு வரும். எனக்கு அதே ஊரில் இன்னும் இரண்டு பேர். ஒருவர் ரோஜா முத்தையா. விளம்பரப் பலகை எழுதுகிற ஓவியர், ஊர் ஊராக அலைந்து பழைய புத்தகம், நாடக நோட்டீசு, பாட்டுப் புத்தகம், பத்திரிகை என்று ஒரு லட்சம் அளவுக்குச் சேர்த்தார். 1992இல் அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கிச் சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாக வைத்தது. மற்றவர்கள் குப்பை என்று போட்டதையெல்லாம் அவர் எடுத்து வைத்ததால்தான் இன்றைக்கு எத்தனையோ பேர் ஆராய்ச்சி செய்ய முடிகிறது.

இன்னொருவர் ஏ.கே. செட்டியார். 1911இல் பிறந்தவர், உலகம் சுற்றும் தமிழன் என்று பெயர் வாங்கியவர். காந்தி உயிரோடு இருக்கும்போதே அவரைப் பற்றி ஆவணப்படம் எடுக்க வேண்டும் என்று 1937இல் கப்பலில் போகும்போது தோன்றி, கண்டம் கண்டமாகப் போய்ப் படச்சுருள் தேடி 1940இல் படத்தை வெளியிட்டார். அந்தத் தேடலைப் பற்றி அவர் எழுதியவற்றை ஆ.இரா. வேங்கடாசலபதி ‘அண்ணல் அடிச்சுவட்டில்’ என்று தொகுத்திருக்கிறார். படித்துப் பாருங்கள், எவ்வளவு பெரிய காரியம், ஆனால் எழுதியவர் எங்கேயும் முன்னால் வந்து நிற்பதில்லை. சின்னச் சின்ன வாக்கியம். பார்த்தது, கேட்டது, சாப்பிட்டது, டிக்கெட்டுக்குக் கொடுத்தது. இந்த வருஷம் படித்த உரைநடையில் நடைக்காக மட்டும் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் இதைத்தான் எடுப்பேன். இதற்கு ஜோடியாக நெற்குப்பை சோமலெ எழுதிய ‘செட்டிநாடும் செந்தமிழும்’ வைத்துக்கொண்டேன். சோமலெயும் பயணிதான், ஆனால் அவருக்குப் புள்ளிவிவரமும் பெயரும் ஊரும் விட்டுப்போகக் கூடாது. அவர் புத்தகத்தைத் தொடர்ந்து படிப்பது கஷ்டம், வேண்டிய ஊரை எடுத்துப் படித்துவிட்டு மூடிவிடுவேன். நெற்குப்பையில் அவர் பெயரில் ஒரு நூலகம் இருக்கிறது, பள்ளத்தூரிலிருந்து பஸ் ஏறினால் ஒரு நாளில் போய்வந்துவிடலாம்.

கம்பனைச் சொல்லாமல் விட்டால் காரைக்குடியில் யாரும் என்னோடு பேச மாட்டார்கள். கம்பன் அடிப்பொடி சா. கணேசன் 1939இல் கம்பன் கழகத்தைத் தொடங்கியதிலிருந்து வருஷா வருஷம் பங்குனியில் விழா நடக்கிறது, கடைசி நாள் நாட்டரசன்கோட்டையில். விழாவுக்கு முன்னால் ஒரு காண்டமாவது படித்துவிடுவது எனக்குப் பழக்கம். இந்த முறை அயோத்தியா காண்டம், பக்கத்தில் மேலைச்சிவபுரி வ.சுப. மாணிக்கனாரின் ‘கம்பர்’. மாணிக்கனாரும் சின்ன வயதில் ரங்கூனில் கடை வேலைக்குப் போனவர்தான். முதலாளிக்காக ஒரு பொய் சொல்லச் சொன்னபோது மாட்டேன் என்று வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்பித் தமிழ் படித்தார். அவர் கைகேயியையும் தசரதனையும் எடைபோடுகிற இடங்களில் அந்தப் பிடிவாதம் எனக்குத் தெரிகிறது. இதைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.

பிடிக்காததும் உண்டு. நம்ம வீடுகளைப் பற்றிப் பளபளவென்று வருகிற படப் புத்தகங்களை இந்த வருஷம் அடுத்தடுத்துப் பார்த்தேன். படம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆத்தங்குடித் தளக்கல், இத்தாலியப் பளிங்கு, முட்டை வெள்ளைப் பூச்சு எல்லாம் வருகிறது. அந்த முகப்பில் நின்ற மனிதர் யார், எந்த ஊரில் கடை வைத்திருந்தார், கடை எப்போது முறிந்தது, வீடு ஏன் இத்தனை வருஷம் பூட்டியே கிடக்கிறது என்பது மட்டும் இல்லை. விதிவிலக்கு, எஸ். முத்தையா, மீனாட்சி மெய்யப்பன், விசாலாட்சி ராமசாமி மூன்று பேரும் சேர்ந்து 2000இல் கொண்டுவந்த ‘தி செட்டியார் ஹெரிடேஜ்’. அதில் படத்தோடு மனிதர்களும் இருக்கிறார்கள்.

உங்களுக்கு எங்கே தொடங்குவது என்று குழப்பமாக இருந்தால், முதலில் ‘கடலுக்கு அப்பால்’, சின்ன நாவல், ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். அப்புறம் சின்ன அண்ணாமலை. சர்மா, மாணிக்கனார் நூல்கள் நாட்டுடைமை ஆனவை, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் தேடிப் பாருங்கள், காசு கொடுக்க வேண்டியதில்லை. ‘புயலிலே ஒரு தோணி’யை மழைக்காலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், விட்டு விட்டுப் படித்தால் அதன் வேகம் போய்விடும். ரட்னரை முதல் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டாம், கோயிலையும் கல்யாணத்தையும் பற்றிய அத்தியாயங்களிலிருந்து தொடங்குங்கள், வட்டிக் கணக்குக்குப் பிறகு வரலாம். என்னிடம் இருக்கிற பிரதியில் பென்சிலில் தமிழில் குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன், காரைக்குடிப் பக்கம் வரும்போது வந்து எடுத்துக்கொண்டு போங்கள், படித்து முடித்ததும் திருப்பிக் கொடுத்தால் போதும்.